ஜெர்மனியில் மெக்கானிக்கல் படிப்பு: முன்பணம் கொடுக்கும் முன் பெற்றோர் அறிய வேண்டியவை



பிளஸ் டூ முடிவுகள் வந்ததிலிருந்து நமது அலுவலகத்துக்கு வரும் பெற்றோர்களில் பலர் ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள். "ஜெர்மனியில் இன்ஜினீயரிங் இலவசமாமே, பிள்ளையை அனுப்பலாமா?"

சென்ற ஆண்டு ஒரு தகப்பனார், வீட்டு நகையை அடகு வைத்து ஏஜென்ட் ஒருவரிடம் முன்பணம் கொடுத்த பிறகுதான் எங்களிடம் வந்தார். மகன் நன்றாகப் படிக்கும் பிள்ளை; மெக்கானிக்கல் படிக்க ஆசை. ஆனால் ஜெர்மன் மொழியில் ஒரு வார்த்தை தெரியாது. எந்தப் பல்கலைக்கழகம் என்பதே ஒப்பந்தத்தில் எழுதப்படவில்லை. கொடுத்ததில் பாதிகூடத் திரும்பவில்லை. இன்னொரு குடும்பம் அப்படித் தவிக்கக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறோம்.

இலவசம் என்பது எதுவரை உண்மை?

ஜெர்மனியின் பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்கள் வெளிநாட்டு மாணவரிடமும் கல்விக் கட்டணம் வாங்குவதில்லை. மெக்கானிக்கல் துறைக்குப் பெயர்பெற்ற ஆகென், டார்ம்ஸ்டாட், ஹனோவர் ஆகியவை இப்படிப்பட்டவை. அரையாண்டுக்கு ஒருமுறை நிர்வாகத் தொகை மட்டும் கட்ட வேண்டும்.

விதிவிலக்குகள் உண்டு. ஸ்டுட்கார்ட், கார்ல்ஸ்ரூ உள்ள பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலம் 2017 முதல் நம் நாட்டு மாணவர் போன்றோரிடம் அரையாண்டுக்கு 1,500 யூரோ வாங்குகிறது. மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் 2024 முதல் கட்டணம் விதித்துள்ளது. இளநிலைக்கு அரையாண்டுக்கு 2,000 முதல் 3,000 யூரோ. முதுநிலைக்கு 4,000 முதல் 6,000 யூரோ.

பெரிய தொகை வேறொன்று. விசாவுக்கு முன், முதல் ஆண்டுச் செலவுக்கான பணத்தை முடக்கக் கணக்கு எனப்படும் தனி வங்கிக் கணக்கில் போட்டுக் காட்ட வேண்டும். 2024 செப்டம்பர் முதல் அது 11,904 யூரோ. யூரோவுக்கு 100 ரூபாய் என்று வைத்தால் சுமார் 12 லட்சம். இது கட்டணம் அல்ல. பிள்ளையின் சொந்தப் பணம். அங்கே போன பின் மாதம் 992 யூரோவாக அவர் கைக்கே வரும். வாடகை, சாப்பாடு, மருத்துவக் காப்பீடு எல்லாம் அதில்தான். ஆனால் ஓராண்டில் அது தீர்ந்துவிடும். அடுத்த ஆண்டு அனுமதியைப் புதுப்பிக்கும்போது மறுபடியும் வருமானம் காட்ட வேண்டும்.

வட்டிக் கடனில் விழாமல் உறவினர்கள் சேர்ந்து கர்ழு ஹஸனாவாகக் கொடுக்க முன்வந்தால் நல்லது. ஆனால் பணம் கணக்கில் அப்படியே இருக்கும் என்று அவர்களிடம் சொல்லிவிடாதீர்கள். அது மாதாமாதம் செலவாகும் பணம். எப்போது திருப்பித் தருவீர்கள் என்பதைச் சொல்லி, எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கடனை எழுதி வைக்கும்படி திருக்குர்ஆன் (2:282) கட்டளையிட்டுள்ளது.

பிளஸ் டூ முடித்ததும் போகலாமா?

நமது பிளஸ் டூ மட்டும் இருந்தால் அங்கே நேரடியாக இளநிலைப் பட்டத்தில் சேர முடியாது. மூன்று வழிகள் உண்டு. ஒன்று, ஜேஇஇ அட்வான்ஸ்டு தேர்வில் தகுதி பெற்றிருப்பது. இரண்டு, இங்கே அங்கீகாரம் பெற்ற கல்லூரியில் அதே துறையில் ஓராண்டு வெற்றிகரமாகப் படித்திருப்பது. மூன்று, அங்கே 'ஸ்டூடியன்கொலெக்' என்னும் ஓராண்டு ஆயத்தப் படிப்பை முடித்துத் தேர்வில் தேறுவது. அதில் சேரவே ஜெர்மன் மொழியில் நுழைவுத் தேர்வு உண்டு.

எந்த வழியானாலும் 2022 நவம்பர் முதல் இந்திய மாணவருக்கு ஏபிஎஸ் சான்றிதழ் கட்டாயம். நமது மதிப்பெண் சான்றுகள் உண்மையானவையா என்று சரிபார்த்து, டெல்லியிலுள்ள அலுவலகம் இதை வழங்குகிறது. மாணவர் தாமே விண்ணப்பிக்கலாம், ஏஜென்ட் தேவையில்லை.

அரசுப் பல்கலைக்கழகங்களில் இளநிலை மெக்கானிக்கல் பெரும்பாலும் ஜெர்மன் மொழியில்தான் நடக்கிறது. ஆங்கில வழிப் படிப்புகள் முதுநிலையில்தான் அதிகம். சென்னையில் கோதே நிலையம் மொழி வகுப்பு நடத்துகிறது. பாடத்தைப் புரிந்துகொள்ளும் அளவுக்குத் தேற ஓராண்டுக்கு மேலும் ஆகலாம். பல பல்கலைக்கழகங்கள் சில வாரப் பட்டறைப் பயிற்சியும் கேட்கின்றன. ஃபிட்டிங், லேத், வெல்டிங் ஆகியவற்றைக் கையால் செய்து பழகியிருக்க வேண்டும். அந்தப் பல்கலைக்கழகத்தின் விதி ஏற்றுக்கொண்டால், நமது ஊர்ப் பட்டறையிலேயே பழகிச் சான்று வாங்கலாம்.

அரியர் என்ற வசதி அங்கே இல்லை

ஏஜென்ட்கள் சொல்லாமல் விடுவது இதைத்தான். இங்கே ஒரு பாடத்தில் தவறினால் அரியர் வைத்துப் பல முறை எழுதலாம். அங்கே பெரும்பாலான பல்கலைக்கழகங்களில் ஒரு பாடத்துக்கு மூன்று வாய்ப்புகள்தான். கட்டாயப் பாடமொன்றில் மூன்றாம் முறையும் தவறினால் மாணவர் வெளியேற்றப்படுவார். பொதுவாக, ஜெர்மனியின் வேறு பல்கலைக்கழகத்திலும் அதே படிப்பில் சேர முடியாது. விசா படிப்பை நம்பியே இருப்பதால் அதற்கும் ஆபத்து.

மெக்கானிக்கலில் முதல் இரண்டு ஆண்டுகளில் கணிதம், எந்திரவியல், வெப்ப இயக்கவியல் ஆகியவை பலரைத் தடுக்கும் பாடங்கள். இன்டர்னல் மதிப்பெண் கைகொடுக்காது. ஒரே எழுத்துத் தேர்வுதான் பெரும்பாலும் தீர்ப்புச் சொல்லும். விரிவுரைக்கு வந்தாயா என்று யாரும் கேட்க மாட்டார்கள். தானாக உட்கார்ந்து படிக்கும் பழக்கம் இல்லாத பிள்ளைக்கு இந்தச் சுதந்திரமே சோதனை.

வேலை செய்து சமாளிக்கலாம் என்பார்கள். 2024 மார்ச் முதல் வெளிநாட்டு மாணவர் ஆண்டுக்கு 140 முழு நாட்கள் அல்லது 280 அரை நாட்கள் வேலை செய்யலாம். உண்மைதான். ஆனால் முதல் ஆண்டில் இரவு வேலை பார்த்துவிட்டுக் கணிதத்தில் மூன்று வாய்ப்பையும் இழந்தால் சம்பாதித்ததற்கு என்ன பொருள்?

யார், எப்போது போகலாம்?

எங்கள் கருத்து இது. கணிதத்தில் வலுவான, மொழியை மனமாரக் கற்கும் பிள்ளை பிளஸ் டூவுக்குப் பின் போகலாம். மற்றவர்கள் இங்கே நல்ல கல்லூரியில் பி.இ. முடித்து, கூடவே ஜெர்மன் கற்று, முதுநிலைக்குப் போவது மேல். செலவிடும் ஆண்டுகள் குறையும். தவறினாலும் கையில் ஒரு பட்டம் இருக்கும். அங்கே படித்து முடித்தவருக்குத் துறை சார்ந்த வேலை தேட 18 மாதம் வரை தங்க அனுமதி உண்டு. நன்றாகத் தேறியவருக்கு அது பெரிய வாய்ப்பு.

தொழுகையும் ஹலால் உணவும் பற்றிக் கவலைப்படும் தாய்மார்களுக்கு: துருக்கிய வம்சாவளியினர் பெருமளவில் வாழும் நாடு அது. பெரிய நகரங்களில் பள்ளிவாசலும் ஹலால் கடையும் உண்டு. பிள்ளை சமைக்கக் கற்றுக்கொண்டு போகட்டும்.

எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடும் முன், மதிப்பெண் சான்றோடு அலுவலகத்துக்கு வாருங்கள். பிள்ளையையும் கூட்டி வாருங்கள். படிக்கப் போவது அவர்தானே. ஒப்பந்தத்தை வரிவரியாகச் சேர்ந்து படிப்போம். "இப்போது வேண்டாம்" என்று சொல்ல வேண்டியிருந்தால் அதையும் தயங்காமல் சொல்வோம், இன்ஷா அல்லாஹ். நம் பிள்ளைகளுக்குப் பயனுள்ள கல்வியை அல்லாஹ் அருள்வானாக. ஆமீன்.