இடக்கையும் வலந்தலையும்: பழனி சுப்ரமணிய பிள்ளையின் மிருதங்க நெறி

ஆய்வுச் சுருக்கம்

கருநாடக இசையுலகின் முதன்மையான மிருதங்கக் கலைஞர்களுள் ஒருவரான பழனி சுப்ரமணிய பிள்ளை (1908–1962) இடக்கைப் பழக்கம் உடையவர். அப்பழக்கம் அவருடைய மேடை வாழ்விற்கு விளைத்த தடையையும், அவருடைய வாசிப்பு நெறி அப்பழக்கத்தால் அமைந்ததா என்பதையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

முன்னுரை

மிருதங்கத்தின் இரு முகங்களுள் கரணை இடப்பெற்றது வலந்தலை; ரவை அப்பி வாசிக்கப்பெறுவது தொப்பி. வலந்தலை என்னும் பெயரே வாசிப்பவர் வலக்கையர் என்னும் எண்ணத்தை உட்கொண்டுள்ளது. கருவியைத் திருப்பி வைத்தால் இடக்கையரும் அதனை வாசிக்கலாம். ஆதலின் தடை கருவியில் இல்லை. கச்சேரி மேடையின் அமைப்பில் இருந்தது.

பயிற்சி

புதுக்கோட்டை மரபின் முதல்வராகப் போற்றப்பெறுபவர் மான்பூண்டியா பிள்ளை. கஞ்சிராவைக் கச்சேரி மேடைக்குக் கொணர்ந்தவரும் அவரே. அவருடைய மாணவருள் ஒருவர் பழனி முத்தையா பிள்ளை. மற்றொருவர் புதுக்கோட்டை தட்சிணாமூர்த்தி பிள்ளை. முத்தையா பிள்ளையின் மகனாகிய சுப்ரமணிய பிள்ளை தந்தையிடம் பயின்றார். தட்சிணாமூர்த்தி பிள்ளையின் வாசிப்பும் அவருக்கு வழிகாட்டியாயிற்று. தவில் மரபோடு உறவுடைய இப்பள்ளியில் கணக்கு வழக்குகள் சிறப்பிடம் பெற்றன. சொற்கட்டை முதலில் வாயால் சொல்லித் தாளத்தில் நிறுத்திய பின்னரே கை அதனை வாசிக்கும். சொல் ஒலியைக் குறிப்பதேயன்றி இன்ன கை என்பதைக் குறிப்பதன்று. எனவே பாடமுறையில் இடக்கை இடையூறாக நிற்க வேண்டிய தேவை இல்லை.

மேடையும் இருக்கையும்

பாடகருக்கு வலப்புறம் மிருதங்கமும் இடப்புறம் வயலினும் அமர்வது கச்சேரி வழக்கு. வலப்புறம் அமரும் வலக்கையரின் வலந்தலை அவையோரை நோக்கி இருக்கும். அதே இடத்தில் இடக்கையர் அமர்ந்தால் தொப்பி அவையை நோக்கும். வலந்தலையின் நுண்ணொலிகள் மேடையின் பின்புறம் செல்லும். இதனைத் தவிர்க்க அவர் பாடகரின் இடப்புறம் அமரவேண்டும். வயலின் கலைஞர் தம் இடத்தை விட்டுக்கொடுக்கவேண்டும். அதற்கு எல்லோரும் இசையவில்லை. திறன் இருந்தும் வாய்ப்புக் குறைவதற்கு இது காரணமாயிற்று. அந்நிலையில் அவரை ஆதரித்து மேடையில் நிலைபெறச் செய்தவர் செம்பை வைத்தியநாத பாகவதர். பின்னர் ஜி. என். பாலசுப்ரமணியம், மதுரை மணி ஐயர், ஆலத்தூர் சகோதரர்கள் முதலியோருக்கு அவர் பக்கவாத்தியம் வாசித்தார். பாலக்காடு மணி ஐயர் மிருதங்கம் வாசித்த கச்சேரிகளில் கஞ்சிராவும் வாசித்தார்.

வாசிப்பு நெறி

அவருடைய வாசிப்பில் இரு கூறுகள் சிறப்பாகக் குறிக்கத்தக்கன. ஒன்று தொப்பியின் நாதம். மணிக்கட்டை அழுத்தி நகர்த்த, ஒலி மேலெழுந்து குழையும் கும்கி அவர் கையில் பாட்டின் கமகத்தோடு இயைந்து நடந்தது. மற்றொன்று கணக்கு வெளித்தெரியாத இயல்பு. எடுத்துக்காட்டாக, ஆதி தாளத்தின் ஓர் ஆவர்த்தனம் 32 மாத்திரை. ‘ததிகிணதொம்’ என்னும் ஐந்தெழுத்துச் சொல்லை மும்முறை வாசிக்க 15 மாத்திரை ஆகும். 17 மாத்திரை கழித்துத் தொடங்கினால் அது சமத்தில் முடியும். பாட்டு அரை எண்ணிக்கை தள்ளி எடுக்கப்படுமாயின் 19 மாத்திரை கழித்துத் தொடங்கவேண்டும். இக்கூட்டலைச் செய்வது எளிது. கேட்பவர் அதனை எண்ணாமல் பாட்டோடு செல்லுமாறு செய்வது அரிது. அவர் சொற்களுக்கிடையே விட்ட இடைவெளி அதற்குத் துணைசெய்தது.

தொப்பி அவருடைய வலக்கையின்கீழ் அமைந்தமையே அதன் நாதச் சிறப்பிற்குக் காரணம் எனக் கருதத் தோன்றும். ஆயின் அது பொருந்தாது. அவருடைய மாணவர் திருச்சி சங்கரன் வலக்கையர். தொப்பியை இடக்கையால் வாசிப்பவர். எனினும் ஆசிரியரின் தொப்பி நாதமும் நிதானமும் அவர் வாசிப்பில் தொடர்கின்றன. எனவே இந்நெறி கையின் அமைப்பால் வந்ததன்று. செவியாலும் சொல்லாலும் கைமாறியது என்பது தெளிவு.

முடிவுரை

சென்னை மியூசிக் அகாதெமியின் சங்கீத கலாநிதி விருது மிருதங்கக் கலைஞர் ஒருவருக்கு முதன்முதலில் 1966இல், பாலக்காடு மணி ஐயருக்கு வழங்கப்பெற்றது. அதற்கு நான்காண்டுகளுக்கு முன்பே சுப்ரமணிய பிள்ளை மறைந்தார். 1971 முதல் கனடாவின் யார்க் பல்கலைக்கழகத்தில் இம்மரபைக் கற்பித்த சங்கரனுக்கு 2011இல் அவ்விருது கிடைத்தது. இடக்கையர் ஒருவருக்கு இருக்கை மாற்றித்தரத் தயங்கிய மேடை, அவருடைய வழியை ஒரு பள்ளியாக ஏற்றுக்கொண்டது. அம்மாற்றம் பக்கவாத்தியக் கலைஞரின் திறனால் மட்டும் நிகழ்ந்ததன்று. தம் அருகில் இடம் ஒதுக்கிய பாடகரின் துணிவாலும் நிகழ்ந்தது.