பட்டத்துடன் முடிந்துவிடுவதல்ல உறவு

வெளிநாடொன்றில் கற்றுத் திரும்பும் மாணவர் பட்டச் சான்றிதழை மட்டும் கொண்டுவருவதில்லை. அந்நாட்டு மொழியும் வழக்கங்களும் நட்புகளும் அவருடன் சேர்ந்தே வருகின்றன. இருபது ஆண்டுகளின் பின்னர் அவர் அமைச்சொன்றின் செயலாளராகவோ பேராசிரியராகவோ உயரும்போதே அந்த உறவின் பெறுமதி வெளிப்படுகின்றது. இதனை உணர்ந்த நாடுகள் பழைய மாணவருடனான தொடர்பைத் தற்செயலுக்கு விட்டுவிடுவதில்லை.

ஜேர்மனி இதற்குச் சிறந்த உதாரணமாகும். 1953 இல் மீள நிறுவப்பட்ட அலெக்சாண்டர் வொன் ஹம்போல்ட் மன்றம், ஒருமுறை தெரிவு செய்த ஆய்வாளரை வாழ்நாள் முழுவதும் தன்னைச் சார்ந்தவராகவே கருதுகின்றது. அவர் மீண்டும் ஜேர்மனி சென்று ஆய்வு செய்யவும் உதவி வழங்கப்படுகின்றது. ஜேர்மன் கல்விப் பரிமாற்றச் சேவையும் தனது முன்னாள் புலமைப்பரிசிலாளர்களைச் சில மாதங்களுக்கு மீள அழைக்கும் திட்டமொன்றைக் கொண்டுள்ளது.

ஜப்பானின் அனுபவம் வேறுவிதமானது. 1974 இல் பிரதமர் தனாகா தென்கிழக்காசியாவுக்கு விஜயம் செய்தபோது பாங்கொக்கிலும் ஜகார்த்தாவிலும் ஜப்பானுக்கெதிரான ஆர்ப்பாட்டங்கள் வெடித்தன. பொருளாதார பலம் மட்டும் நன்மதிப்பைத் தேடித்தராது என்பதை அவை உணர்த்தின. 1977 இல் ஜப்பானில் கற்ற ஆசியான் நாட்டவரின் சங்கங்கள் இணைந்து பேரவையொன்றை அமைத்தன. அதனுடன் ஜப்பான் நெருங்கிய உறவைப் பேணி வந்துள்ளது.

பிரித்தானியாவின் செவனிங் புலமைப்பரிசில் பெறுவோர் கல்வி முடிந்ததும் குறைந்தது இரு ஆண்டுகள் தாயகம் திரும்பியிருக்க வேண்டுமென்பது நிபந்தனை. தாயகத்தில் செல்வாக்குப் பெறும் பழைய மாணவரே தனக்குப் பயனுள்ள நண்பர் என்பதை லண்டன் நன்கறியும்.

இவ்விடயத்தில் எமது தலைநகரின் பெயரும் வரலாற்றில் இடம்பெற்றுள்ளது. 1950 ஜனவரியில் கொழும்பில் நடைபெற்ற பொதுநலவாய வெளிநாட்டமைச்சர்கள் மாநாட்டில் உருவான கொழும்புத் திட்டத்தின் கீழ் ஆயிரக்கணக்கான ஆசிய மாணவர்கள் அவுஸ்திரேலியாவில் கற்றனர். அதனால் விளைந்த நல்லெண்ணத்தை மறவாத அந்நாடு, தனது மாணவர்களை ஆசிய, பசுபிக் நாடுகளுக்கு அனுப்பும் திட்டமொன்றை 2014 இல் ஆரம்பித்து, அதற்குப் புதிய கொழும்புத் திட்டம் என்றே பெயரிட்டது.

எமது நிலை என்ன? யுத்த காலத்திலும், 2022 பொருளாதார நெருக்கடியின் பின்னரும் இலவசக் கல்வியால் உருவான வைத்தியர்கள், பொறியியலாளர்கள், விரிவுரையாளர்கள் எனப் பலர் நாட்டை விட்டு வெளியேறினர். அவர்கள் அனைவரும் திரும்புவர் என எதிர்பார்க்க முடியாது. ஆயினும் அவர்களது அறிவு முற்றாக இழக்கப்பட வேண்டியதில்லை. லண்டனிலும் ரொறன்ரோவிலும் இயங்கும் எமது பாடசாலைகளின் பழைய மாணவர் சங்கங்களே இதற்குச் சான்று. தாம் கற்ற பாடசாலைக்காக ஒன்றுகூடுவோர், தாம் கற்ற பல்கலைக்கழகம் அழைத்தால் வர மறுப்பரா?

அழைக்கும் முறையே முக்கியமானது. நிதி தேவைப்படும்போது மட்டும் கடிதம் எழுதினால் உறவு நிலைக்காது. ஜேர்மனி முதலில் கொடுக்கின்றது. பின்னரே பயன் பெறுகின்றது. யாழ்ப்பாணம், கிழக்கு, தென்கிழக்கு உள்ளிட்ட எமது பல்கலைக்கழகங்கள் வெளிநாடுகளிலுள்ள தமது பட்டதாரிகளின் விபரங்களை முறையாகப் பேணி, இணையவழி விரிவுரைகளுக்கும் பட்டப்பின் ஆய்வு வழிகாட்டலுக்கும் அவர்களை அழைக்க வேண்டும். தூதரகங்களும் இன, மத பேதமின்றி இப்பணிக்குத் துணைநிற்க வேண்டும். அவநம்பிக்கையுடன் நாட்டைவிட்டுச் சென்றவர்கள் பலர். அவர்களை மதிப்புடன் அணுகுவதே அரசாங்கத்தின் முதற்பணியாக அமைய வேண்டுமென்பதே எமது நிலைப்பாடாகும்.