துடிக்கும் செவ்விண்மீன்

திமிங்கில விண்மீன் கூட்டத்திலுள்ள மீரா சில மாதங்கள் வெறுங்கண்ணுக்குப் புலப்படும். பின்னர் மங்கி மறைந்துவிடும். ஏறத்தாழ 332 நாள்களுக்கு ஒருமுறை மீண்டும் ஒளி பெறும். இது முதுமையடைந்த செம்பெரு விண்மீன். இதன் புறப்பகுதி விரிந்து சுருங்கித் துடிக்கிறது; வெப்பநிலையும் அதனோடு மாறுகிறது. குளிர்ந்த நிலையில் டைட்டானியம் ஆக்சைடு மூலக்கூறுகள் பெருகி, கண்ணுக்குப் புலனாகும் ஒளியை விழுங்குகின்றன. ஆதலின் விண்மீன் அணைந்ததுபோல் தோன்றும், உண்மையில் அணைவதில்லை.

ஒரு துடிப்பைக் காணவே ஓராண்டளவு ஆகும். அத்தகைய பொறுமை இராதா கோவிந்த சந்திரருக்கு வாய்த்திருந்தது. ஜெசோர் நகரக் கருவூலத்தில் பணியாற்றிய அவர், இரவுதோறும் மாறுவிண்மீன்களின் ஒளியளவைக் குறித்து, அமெரிக்க மாறுவிண்மீன் நோக்கர் சங்கத்திற்கு அனுப்பிவந்தார். அச்சங்கம் 1926இல் ஆறு அங்குலத் தொலைநோக்கி ஒன்றை அவருக்கு அனுப்பியது. நாட்டுப் பிரிவினைக்குப் பின் அவர் கொல்கத்தாவை அடுத்த பாராசாத்தில் குடியேறினார். 1954 வரை அவர் அனுப்பிய குறிப்புகள் 37,000க்கும் மேற்பட்டவை!

பின்னாளில் அத்தொலைநோக்கி வைணு பாப்புவிடம் சேர்ந்து, தமிழ்நாட்டின் காவலூர் வானாய்வகத்தை அடைந்தது. கொல்கத்தாவுக்கு வந்த தமிழ்க் குடும்பங்கள் கடந்த வழியை அது எதிர்த்திசையில் கடந்தது எனலாம். மீராவைப் போன்ற துடிக்கும் விண்மீன் ஒன்றை 1867இலேயே சென்னை வானாய்வகத்தில் கண்டறிந்தவர் சிந்தாமணி இரகுநாதாச்சாரி.