குட்டிக்கு ஒரு பிடி மண்

தஞ்சாவூர்ப் பக்கத்து ஓட்டு வீடுகளில் பூனைக்கு யாரும் கழிப்பறைப் பழக்கம் கற்றுக்கொடுத்ததில்லை. கிணற்றடியைத் தாண்டினால் சாம்பல் மேடு இருக்கும். விறகடுப்பில் அள்ளிய சாம்பலைக் காலையில் அங்கேதான் கொட்டுவார்கள். பக்கத்திலேயே எருக்குழி, அதற்கப்பால் வாழைக்கன்று வைத்த ஈரமண். பூனை அங்கே போகும், முன்னங்காலால் சின்னதாகக் குழி பறிக்கும், காரியம் முடிந்ததும் திரும்பி ஒருமுறை முகர்ந்துவிட்டு மண்ணைத் தள்ளி மூடும். அதற்கென்று யாரும் தட்டு வாங்கவில்லை. அள்ளிச் சுத்தம் செய்யும் வேலையும் இல்லை. சாம்பல் எருக்குழிக்குப் போயிற்று, எரு வயலுக்குப் போயிற்று.

குட்டிகளுக்கும் அதே வழிதான். குதிருக்குப் பின்னாலோ பரணிலோ ஈன்ற பூனை, குட்டிகளைத் தூக்கிக்கொண்டு ஏழு வீடு மாறும் என்பார்கள். பிறந்த குட்டிக்குத் தானாகச் சிறுநீர் கழிக்கக்கூடத் தெரியாது. முதல் மூன்று வாரம் தாய் அதன் அடிவயிற்றையும் பின்புறத்தையும் நக்கிக்கொடுத்தால்தான் அது கழிக்கும். கழித்ததையும் தாயே நக்கிச் சுத்தம் செய்துவிடும். அதனால்தான் பரணில் குட்டி கிடப்பது வீட்டாருக்கே பல நாள் தெரியாமல் இருக்கும், நாற்றமே வராது. நாலாவது வாரம் குட்டி தாயின் பின்னாலேயே கொல்லைக்கு இறங்கும். தாய் பறிப்பதைப் பார்க்கும், தாய் போன இடத்தை முகரும், தானும் பறிக்கும். பாடம் அவ்வளவுதான்.

மண்ணைப் பறிக்கும் புத்தி அதற்கு நெடுங்காலமாக இருப்பது. இன்று உலகெங்கும் உள்ள வீட்டுப் பூனைகள் மேற்காசியாவின் காட்டுப்பூனையின் வழிவந்தவை என்பதை 2007-இல் வெளியான மரபணு ஆய்வு உறுதிசெய்தது. வறண்ட மணல் நிலத்தில் வாழ்ந்த விலங்கு அது. தளர்ந்த, பொடியான மண்ணைக் கண்டால் கால் தானாகப் பறிக்கும். தாய் காட்டிக்கொடுப்பது இடத்தை. பறிக்கும் ஆசையைக் குட்டி பிறக்கும்போதே கொண்டுவருகிறது.

இப்போது சென்னையில் ஓர் அடுக்குமாடியின் மூன்றாவது மாடியைப் பாருங்கள். மழை நாளில் கார் அடியில் கத்திக்கொண்டிருந்த குட்டியைப் பிள்ளைகள் செருப்புப் பெட்டியில் எடுத்து வந்திருக்கிறார்கள். வயது நாலு வாரமோ ஐந்து வாரமோ. தாய் இல்லை. தரை முழுக்க வழவழப்பான டைல்ஸ். மொத்த வீட்டிலும் மண் இருப்பது ஒரே இடத்தில், பால்கனித் துளசித் தொட்டியில். குட்டி நேராக அங்கே போகிறது. வீட்டில் பெரியவர்கள் பதறுகிறார்கள். துளசி மாடத்தில் இப்படிச் செய்துவிட்டதே என்ற வருத்தம் எனக்கும் புரிகிறது. ஆனால் அந்தக் குட்டி மிகச் சரியான காரியத்தைச் செய்திருக்கிறது. ஊரில் கொல்லையைத் தேடியிருக்கும். இங்கே கிடைத்த கைப்பிடி மண்ணைத் தேடிக் கண்டுபிடித்திருக்கிறது. தொட்டிமண்ணில் ஒரு பிடி எடுத்து, லிட்டர் ட்ரே எனப்படும் பூனைக் கழிப்புத் தட்டில் மேலாகத் தூவிவிட்டு, தொட்டியைக் கூழாங்கல்லால் மூடினால் போதும். தெருவில் வளர்ந்த குட்டிகளுக்கு இதைவிட நல்ல முதல் பாடம் எனக்குத் தெரியவில்லை.

அந்தத் தட்டில் நிரப்பும் லிட்டர் என்ற பொருளுக்கு வயது ஏறத்தாழ எண்பதுதான். அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் காசோபோலிஸ் என்ற சிற்றூர். 1947 ஜனவரியில் கடுங்குளிரில் மணல் மேடு உறைந்துபோக, அக்கம்பக்கத்துப் பெண் ஒருவர் பூனைக்கு அடுப்புச் சாம்பலைப் போட்டுப் பார்த்திருக்கிறார். சாம்பல் ஒட்டிய கால்களோடு பூனை வீடெல்லாம் தடம் பதித்தது. மணல் கேட்டு வந்தவருக்கு எட்வர்ட் லோ என்ற இளைஞர், தொழிற்சாலைத் தரையில் சிந்திய எண்ணெயை உறிஞ்ச வைத்திருந்த களிமண் குருணையைக் கொடுத்தார். நம் வீடுகளில் முகத்துக்குப் பூசும் முல்தானி மட்டியின் இனம்தான் அந்த மண். அது ஈரத்தை இழுத்தது, நாற்றத்தை அடக்கியது. ஐந்து பவுண்டுப் பையை 65 சென்ட்டுக்கு விற்றார். மணல் சும்மா கிடைக்கும்போது இதை யார் வாங்குவார்கள் என்று கடைக்காரர் தயங்க, முதலில் இலவசமாகவே கொடுக்கச் சொன்னாராம். 1980-களில் பென்டோனைட் களிமண் வந்தது. நனைந்த இடம் மட்டும் கட்டியாகிவிடும், கரண்டியால் அள்ளி எறியலாம். அந்த பென்டோனைட் குஜராத்தின் கட்ச் பகுதியில் ஏராளமாக வெட்டியெடுக்கப்படுகிறது. அந்த மிச்சிகன் பெண் கைவிட்ட சாம்பலும், நம் கொல்லைச் சாம்பலும் ஒன்றுதான். அங்கே வீடெல்லாம் பதிந்த தடம் அதை முடித்துவைத்தது. இங்கே காஸ் அடுப்பும் அடுக்குமாடியும்.

இந்த வசதியில் ஓர் அபாயம் இருப்பதை விற்பவர்கள் எல்லோரும் சொல்வதில்லை. குட்டி எதையும் வாயில் வைக்கும், லிட்டரையும் தின்று பார்க்கும். கட்டியாகும் களிமண் வயிற்றில் ஊறி உப்பினால் குடல் அடைத்துக்கொள்ளலாம். ஆகவே மூன்று மாதம் வரையாவது அதை வைக்கவேண்டாம். கட்டியாகாத சாதாரணக் களிமண் குருணை, காகித உருண்டை, மரத்தூள் உருண்டை இவற்றில் ஒன்று போதும். வாசனை சேர்த்தது வேண்டவே வேண்டாம். மல்லிகை மணம் நமக்குப் பிடிக்கும். நம்மைவிடப் பன்மடங்கு கூர்மையான மூக்கு உள்ள குட்டி அந்தப் பக்கமே போகாது.

தட்டின் சுவர் தாழ்வாக இருக்கட்டும், இரண்டு அங்குலம் போதும். மூடி போட்ட பெட்டி பார்க்க அழகு, உள்ளே நாற்றம் தேங்கும். சின்னக் குட்டிக்கு அது குகை. சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தால் போகாது, சாப்பிடும் இடத்தில் கழிப்பது அதற்குப் பிடிக்காது. வாஷிங் மெஷின் திடீரென்று உறுமும் மூலையும் ஆகாது, ஒருமுறை பயந்தால் அந்த இடத்தை மறக்கவே மறக்காது. குட்டியை முதல் சில நாள் ஒரே அறையில் வைத்துக்கொள்வது நல்லது. மூன்று அறை தாண்டி ஓடிப்போய்த் தட்டைத் தேடும் அளவுக்கு அதற்கு அடக்கிக்கொள்ளும் பலம் கிடையாது. தூங்கி எழுந்ததும், சாப்பிட்டு முடித்ததும், ஆடி ஓய்ந்ததும் தூக்கித் தட்டில் விடுங்கள். விரலால் மண்ணைக் கீறிக் காட்டலாம். அதன் காலைப் பிடித்து அழுத்திக் கீற வைப்பது வேண்டாம். போகவில்லையா, இறங்கி ஓடட்டும், கொஞ்ச நேரம் கழித்து மறுபடி விடலாம். அது எங்கோ கழித்துவிட்டதைத் துணியில் துடைத்து எடுத்துத் தட்டில் போட்டு வைத்தால், அந்த வாசனையே அடுத்தமுறை வழிகாட்டும். தாய் போன இடத்தை முகர்ந்து கற்ற பாடத்துக்கு இது பதிலாள்.

மூன்று வாரத்துக்கும் இளைய அனாதைக் குட்டி என்றால், ஒவ்வொரு முறை பால் கொடுத்த பிறகும் வெதுவெதுப்பான நீரில் நனைத்த பஞ்சால் பின்புறத்தை மெதுவாகத் தடவவேண்டும். தாயின் நாக்கு செய்யும் வேலை அது. விட்டுவிட்டால் சிறுநீர் தேங்கி உயிருக்கே ஆபத்து. பசும்பாலும் கூடாது. அன்றைக்கும் கொட்டாங்குச்சியில் பால் வைத்தோம், உண்மைதான். வயிற்றோட்டம் வந்த குட்டி கொல்லையோடு போயிற்று, நம் கண்ணில் படவில்லை. இன்று அதே வயிற்றோட்டம் மெத்தையில் தெரிகிறது. பழக்கம் வரவில்லை என்று பலர் சலித்துக்கொள்ளும் குட்டிகள் சிலவற்றுக்குக் கோளாறு வயிற்றில்தான்.

அன்றைய பழக்கம் ஒன்று இன்னும் மாறாமல் இருக்கிறது, எனக்கு மிகவும் வலிப்பது அதுதான். வீட்டுக்குள் அசுத்தம் செய்த குட்டியின் மூக்கை அதிலேயே தேய்ப்பார்கள். அப்புறமும் செய்தால் சாக்கில் போட்டுக் கட்டி ஊர் எல்லை தாண்டி விட்டுவிட்டு வருவார்கள். மூக்கைத் தேய்த்தால் குட்டி கற்றுக்கொள்வது மனிதரைக் கண்டு ஒளிந்துகொள்ள மட்டுமே. பிறகு கட்டிலுக்கு அடியில், அலமாரிக்குப் பின்னால் போகும். சாக்கு இப்போது அட்டைப்பெட்டியாகிவிட்டது. மீன் மார்க்கெட் வாசலிலும் கோயில் பக்கத்திலும் அதை வைத்துவிட்டு வண்டியைத் திருப்புகிறார்கள்.

பினாயில் பற்றியும் சொல்லவேண்டும். அசுத்தம் செய்த இடத்தில் பினாயில் ஊற்றித் துடைப்பது நம் வீடுகளில் அனிச்சையான காரியம். கறுப்பு பினாயிலில் உள்ள பீனால் வகைப் பொருட்களைச் சிதைத்து வெளியேற்றும் திறன் பூனையின் கல்லீரலுக்கு மிகக் குறைவு. துடைத்த தரையில் நடந்து காலை நக்கினாலே உடம்புக்குள் போய்விடும். சோப்புத் தண்ணீரும், தண்ணீர் கலந்த வினிகரும் போதும். கடையில் கிடைக்கும் என்சைம் கலந்த திரவம் இருந்தால் இன்னும் நல்லது, அது வாசனையின் வேரையே அறுக்கும். அம்மோனியா உள்ள திரவம் ஆகாது. அதற்குச் சிறுநீர் வாடை, குட்டியை அதே இடத்துக்குத் திரும்பக் கூப்பிடும்.

தட்டை அன்றாடம் அள்ளிவிடுங்கள். பூனை மலத்தில் இருக்கக்கூடிய டாக்ஸோபிளாஸ்மா கிருமி தொற்றும் நிலைக்கு வரக் குறைந்தது ஒரு நாள் ஆகும், அதற்குள் அள்ளினால் பயம் பெரும்பாலும் தீர்ந்தது. வீட்டில் கர்ப்பிணி இருந்தால் இந்த வேலை மற்றவருடையது. தெருவில் கொட்டிய, பூனைகளும் கழித்துவந்த கட்டுமான மணலில் பிள்ளைகள் விளையாடிய காலத்தில் இந்த ஆபத்தை யாரும் நினைத்ததில்லை. அந்த மணலும் இப்போது கல்லை உடைத்துச் செய்யும் எம்-சாண்ட் ஆகிவிட்டது. கூர்முனையுள்ள அந்தத் துகளைக் கொண்டுவந்து குட்டியின் தட்டில் நிரப்பவேண்டாம்.

குட்டி வேண்டும் என்று ஆசைப்படுபவர்களுக்கு ஒரு வேண்டுகோள். எட்டு வாரம் முடியும்வரை தாயிடமிருந்து பிரிக்காதீர்கள். அந்த எட்டு வாரத்தில் தாயே பாதிப் பாடத்தை முடித்துவிடும். தாயில்லாமல் வந்து சேர்ந்த குட்டி என்றால், படுக்கையை நனைத்தது என்பதற்காக அதைக் கைவிடாதீர்கள். தட்டின் இடத்தை மாற்றுங்கள், மண்ணை மாற்றுங்கள், இரண்டாவது தட்டு ஒன்று வையுங்கள். நன்றாகப் பழகிய குட்டி திடீரென்று தட்டுக்கு வெளியே கழிக்கத் தொடங்கினாலோ, முக்கியும் சிறுநீர் வராமல் தவித்தாலோ அன்றைக்கே கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோங்கள்.