ஜவ்வு விலகினால் வலித்தே தீருமா?

ஸ்கேன் அறிக்கையில் 'டிஸ்க் தேய்ந்திருக்கிறது', 'ஜவ்வு விலகியிருக்கிறது' என்று ஒரு வரி இருந்தால் போதும், அதன் பிறகு குனியவே பயமாகிவிடும். ஆனால், முதுகுவலியே இல்லாத 3,110 பேரின் ஸ்கேன்களைத் தொகுத்துப் பார்த்த 2015-ம் ஆண்டு ஆய்வு, 20 வயதிலேயே 37 சதவீதம் பேருக்கும், 80 வயதில் 96 சதவீதம் பேருக்கும் டிஸ்க் தேய்மானம் இருப்பதாகக் கணித்தது.

ஆக, ஸ்கேனில் தெரியும் தேய்மானத்தை மட்டும் வைத்து வலியை விளக்கிவிட முடியாது. மூன்று மாதங்களைத் தாண்டிய முதுகுவலியில், பலருக்குப் பட்ட காயம் ஆறிப்போயிருக்கும். மூளைதான் ஆபத்து ஆபத்து என்று எச்சரித்துக்கொண்டே இருக்கும். பயப்படப் பயப்பட வலி கூடும். வலி கூடக்கூடப் பயமும் ஏறும். இதை மனப்பிரமை என்று சொல்வது பெரும் அநியாயம். நரம்பு மண்டலம் உண்டாக்கும் இந்த வலி நூற்றுக்கு நூறு நிஜம்.

இந்தப் பயத்தையே குறிவைத்த ஒரு சிகிச்சையை, அமெரிக்காவின் போல்டர் நகரில் ஆய்வாளர்கள் யோனி ஆஷாரும் டோர் வேகரும் அடங்கிய குழு 151 பேரிடம் சோதித்து, 2021-ல் முடிவை வெளியிட்டது. நான்கு வாரங்களில் எட்டு அமர்வுகள். உட்கார்ந்தாலே வலிக்கிறது என்பவரை நாற்காலியில் உட்காரவைத்து, வலியைக் கவனிக்கச் சொல்வார்கள். எரிகிறதா, இறுக்கிப் பிடிக்கிறதா, இடம் மாறுகிறதா? அதை விரட்ட வேண்டாம், பல்லைக் கடித்துப் பொறுக்கவும் வேண்டாம்; முதுகுக்கு ஒன்றும் ஆகவில்லை என்ற தெளிவோடு பார்த்துக்கொண்டிருந்தால் போதும். பயந்து ஒதுக்கிவைத்த அசைவுகளையும் பிறகு ஒவ்வொன்றாகச் செய்யவைப்பார்கள். முடிவில், இந்தச் சிகிச்சை பெற்றவர்களில் 66 சதவீதம் பேருக்கு வலி அறவே நின்றது, அல்லது நின்ற மாதிரிதான். வழக்கமான சிகிச்சையைத் தொடர்ந்தவர்களில் இது 10 சதவீதம் மட்டுமே. ஓராண்டுக்குப் பிறகும் பலன் பெருமளவு நிலைத்தது. கலந்துகொண்டவர்கள் மிதமான வலியுடன் ஓரளவு நடமாடிக்கொண்டிருந்தவர்கள் என்பதை மறக்கக் கூடாது. படுத்த படுக்கையாகக் கிடப்பவருக்கும் இதே பலன் கிடைக்கும் என்று இதை வைத்துச் சொல்ல முடியாது.

ஆஸ்திரேலியாவில் பிசியோதெரபிஸ்டுகள் பயம், தூக்கம், உடல் அசைவு ஆகியவற்றைச் சேர்த்தே கையாண்ட சிகிச்சையும், 492 பேரிடம் நடந்த சோதனையில் ஓராண்டு வரை பலன் தந்தது. 2023-ல் வெளியான முடிவு இது.

எதைத் தொடங்கும் முன்பும் மருத்துவர் ஒருமுறை பரிசோதிப்பது அவசியம். சிறுநீர், மலம் கட்டுப்படாமல் போவது, தொடையிடுக்கு மரத்துப்போவது, கால் வலுவிழப்பது போன்றவை இருந்தால் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். காய்ச்சலோடு வரும் வலி, காரணமில்லாமல் எடை குறைவது, முன்பு புற்றுநோய் வந்திருப்பது ஆகியவை இருந்தாலும் மருத்துவரைப் பார்ப்பதைத் தள்ளிப்போடக் கூடாது.