கத்திரி வெயிலிலும் கத்தாத கிராபிக்ஸ் கார்டு வேணுமா? கடைக்குப் போகும் முன் இதைப் படிங்க!

திருச்சி புத்தூரில் அரசு மருத்துவமனையைச் சுற்றியுள்ள தெருக்களில், நைட் டியூட்டி முடித்துவிட்டு பகலில் தூங்குபவர்கள் இருப்பது சகஜம். அப்படி ஒரு வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். மே மாதம், மதியம் ஒரு மணி. உள் அறையில் அம்மா தூங்குகிறார். ஹாலில் காலேஜ் லீவில் இருக்கும் மகன் கேமிங் கம்ப்யூட்டரை ஆன் செய்கிறார். ஹெட்போன் மாட்டியிருப்பதால் துப்பாக்கிச் சத்தம் எதுவும் வெளியே வராது. ஆனால் பத்தாவது நிமிடத்தில் மேசைக்கு அடியில் இருக்கும் கேபினெட் மிக்சி மாதிரி இரைய ஆரம்பிக்கும். "அந்த மெஷினை ஆஃப் பண்ணுடா" என்று உள்ளே இருந்து குரல் வரும்.

அந்த இரைச்சலில் பெரும்பங்கு பெரும்பாலும் கிராபிக்ஸ் கார்டுடையது. நடுத்தர ரக கார்டு என்றாலே ஏறக்குறைய 25 ஆயிரம் முதல் 50 ஆயிரம் ரூபாய் வரை ஆகும். "சத்தமா இருக்கு" என்று சொல்லி கடையில் திருப்பிக் கொடுப்பதும் நடக்காத காரியம். அதனால் சத்தம் விஷயத்தை வாங்கும் முன்பே பார்த்துவிட வேண்டும். எப்படிப் பார்ப்பது?

சத்தம் எங்கிருந்து வருது?

சிப்புக்கு சத்தம் கிடையாது. அது சூடாகும், அவ்வளவுதான். கார்டு இழுக்கும் மின்சாரம் கிட்டத்தட்ட முழுவதுமே வெப்பமாகத்தான் வெளியே வரும். 180 வாட்ஸ் கார்டு என்றால், கேம் ஓடும் நேரம் முழுக்க அறைக்குள் 180 வாட்ஸ் ஹீட்டர் ஒன்று எரிகிறது என்று அர்த்தம். அந்தச் சூட்டை அலுமினியத் தகடுகளில் பரப்பி, ஃபேன் காற்றால் வெளியே தள்ளுகிறார்கள். தகடுகள் பெரிதாக இருந்தால் ஃபேன் மெதுவாகச் சுற்றினாலே போதும். தகடு சின்னதாக இருந்தால் ஃபேன் வேகமெடுக்கும். வேகம் கூடினால் சத்தமும் கூடும்.

இதில் ஒரு கணக்கு பலருக்குத் தெரியாது. 10 டெசிபல் கூடினால் நம் காதுக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு சத்தமாகக் கேட்கும். ரிவ்யூவில் ஒரு கார்டு 32 டெசிபல், இன்னொன்று 42 டெசிபல் என்று போட்டிருந்தால் "பத்துதானே வித்தியாசம்" என்று விட்டுவிடாதீர்கள். அதே சமயம், ஒரு தளத்தில் வந்த டெசிபல் எண்ணை இன்னொரு தளத்தின் எண்ணோடு ஒப்பிடவும் முடியாது. ஒருவர் மைக்கை அரை மீட்டர் தள்ளி வைப்பார், இன்னொருவர் ஒரு மீட்டர் தள்ளி வைப்பார்.

யூடியூப் ரிவ்யூ நம்ம ஊருக்கு சரிவருமா?

இங்கேதான் நிறைய பேர் ஏமாறுகிறார்கள். பிரபலமான ரிவ்யூக்கள் பெரும்பாலும் வெளிநாட்டில், 20 முதல் 25 டிகிரி வரை உள்ள அறையில் எடுக்கப்படுபவை. திருச்சியில் ஏப்ரல், மே மாதங்களில் வெளியே 40 டிகிரி என்பது செய்தியே அல்ல. மொட்டை மாடிக்குக் கீழே இருக்கும் அறை என்றால் உள்ளேயும் கொதிக்கும்.

ஒரு கார்டு 22 டிகிரி அறையில் 65 டிகிரி சூட்டில் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதாவது அறையைவிட 43 டிகிரி அதிகம். ஃபேன் வேகம் மாறாமல் இருந்தால், 38 டிகிரி அறையில் அதே கார்டு 81 டிகிரிக்குப் போகும். ஆனால் கார்டு அப்படிச் சும்மா இருக்காது. சூடு ஏற ஏற ஃபேன் வேகத்தைக் கூட்டும்படிதான் அதை அமைத்திருக்கிறார்கள். ரிவ்யூவில் 'சத்தமே இல்ல' என்று பெயர் வாங்கிய கார்டு கத்திரி வெயிலில் கத்துவதற்கு இதுதான் காரணம். ஏசி அறையில் விளையாடுபவர்களுக்கு இந்தப் பிரச்சினை பாதிதான்.

'சீலிங் ஃபேன் ஓடும்போது கார்டு சத்தமா கேட்கப் போகுது?' என்று கேட்கலாம். ஓரளவு மறைக்கும், உண்மைதான். ஆனால் சீலிங் ஃபேன் ஒரே சீராக ஓடும். காது அதை மறந்துவிடும். கார்டு ஃபேன் ஏறும், இறங்கும், மறுபடி ஏறும். தூக்கத்தைக் கெடுப்பது அந்த ஏற்ற இறக்கம்தான்.

'ஜீரோ ஃபேன்' விளம்பரத்திலும் இதே சிக்கல் உண்டு. கார்டு குளிர்ச்சியாக இருக்கும்போது ஃபேன் முழுவதுமாக நின்றுவிடும் வசதி இது. இப்போது பெரும்பாலான கார்டுகளில் இருக்கிறது. பொதுவாக 50, 60 டிகிரியைத் தொட்டால்தான் ஃபேன் சுற்றத் தொடங்கும். ஆனால் மே மாதத்தில், காற்றோட்டமில்லாத கேபினெட்டுக்குள், சும்மா படம் பார்க்கும்போதே கார்டு அந்த எல்லையைத் தொட்டுவிடலாம். அப்போது ஃபேன் சுற்றும், நிற்கும், சுற்றும், நிற்கும். அதற்கு மெதுவாகச் சுற்றிக்கொண்டே இருப்பது எவ்வளவோ பரவாயில்லை. அந்த வசதியை ஆஃப் செய்யவும் முடியும்.

முதலில் வாட்ஸைப் பாருங்க

கடைக்காரர் முதலில் ஜிபி சொல்வார். நீங்கள் முதலில் வாட்ஸ் கேளுங்கள். 2025ல் வந்த என்விடியா ஆர்டிஎக்ஸ் 5060 கார்டுக்கு 145 வாட்ஸ், அதன் அண்ணன் 5060 டிஐ கார்டுக்கு 180 வாட்ஸ். அதே ஆண்டு ஏஎம்டி கொண்டுவந்த ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டி 16 ஜிபி மாடலுக்கு 160 வாட்ஸ். 2024 டிசம்பரில் வந்த இன்டெல் ஆர்க் பி580 கார்டுக்கு 190 வாட்ஸ். இவை கம்பெனி சொல்லும் அடிப்படை அளவு. 'ஓசி' என்று பெயரில் சேர்த்து விற்கும் மாடல்கள் இன்னும் கொஞ்சம் கூடுதலாக இழுக்கலாம்.

2023ல் வந்த ஆர்டிஎக்ஸ் 4060 வெறும் 115 வாட்ஸ். எங்காவது பழைய ஸ்டாக்கில் நல்ல விலைக்கு, பில்லோடு கிடைத்தால், வெயில் ஊருக்கு இவ்வளவு அமைதியாக வைத்துக்கொள்ளக்கூடிய கார்டு குறைவு. 8 ஜிபி மெமரிதான் அதன் பலவீனம். வாலரண்ட், கவுன்டர் ஸ்ட்ரைக் 2, ஜிடிஏ 5 மாதிரி கேம்களை சாதாரண 1080 பிக்சல் மானிட்டரில் விளையாட 8 ஜிபி போதும். புதிதாக வரும் பெரிய கேம்களை உயர்ந்த செட்டிங்கில், அல்லது 1440 பிக்சல் மானிட்டரில் விளையாட ஆசைப்பட்டால் போதாது.

ஒரே கார்டைச் சொல்லச் சொன்னால்? நாலைந்து வருடம் வைத்துக்கொள்ளும் எண்ணம் இருந்தால் 9060 எக்ஸ்டி 16 ஜிபி. மெமரியும் இருக்கிறது, வாட்ஸும் கட்டுக்குள் இருக்கிறது. வீடியோ எடிட்டிங், பிளெண்டர் வேலையும் சேர்த்துச் செய்பவர்களுக்கு 5060 டிஐ 16 ஜிபி பொருந்தும். 8 ஜிபி டிஐ பக்கம் போகவே வேண்டாம். ஆர்க் பி580 விலைக்கு நல்ல கார்டுதான், ஆனால் பழைய பிராசஸரோடு சேர்த்தால் வேகம் குறையும், சூடும் அதிகம்.

வாட்ஸ் கரண்ட் பில்லிலும் தெரியும். தினமும் 4 மணி நேரம், இரண்டு மாதம் விளையாடினால், 180 வாட்ஸ் கார்டு மட்டும் சுமார் 43 யூனிட் எடுக்கும். 115 வாட்ஸ் கார்டுக்கு இது சுமார் 28 யூனிட். இரண்டு மாதப் பயன்பாடு 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டணக் கணக்கே மாறிவிடும் என்பதால், கோடையில் ஏசி ஓடும் வீடுகளில் இந்த 15 யூனிட்டும் முக்கியம்தான்.

பெயர் ஒன்று, கூலர் வேறு

ஆர்டிஎக்ஸ் 5060 கார்டை என்விடியா தன் பெயரில் நேரடியாக விற்பதில்லை. சிப்பை மட்டும் கொடுக்கும். ஆசுஸ், எம்எஸ்ஐ, ஜிகாபைட், ஸோட்டாக் போன்ற கம்பெனிகள் தங்கள் கூலரைப் பொருத்தி விற்கின்றன. ஏஎம்டி 9060 எக்ஸ்டி கார்டிலும் இதே கதைதான். அதனால் '5060 சத்தமா, இல்லையா?' என்ற கேள்விக்குப் பதிலே கிடையாது. ஒரே சிப்பை வைத்துக்கொண்டு கையளவு கார்டும் உண்டு, மூன்று ஃபேன் வைத்த நீளமான கார்டும் உண்டு. கேம் வேகத்தில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இருக்காது, சத்தத்தில் இருக்கும்.

இங்கே ஒரு உறுதியான கருத்து சொல்லலாம். வெயில் ஊரில் குறைந்த வாட்ஸ் சிப், பெரிய கூலர் என்ற கூட்டணிதான் ஜெயிக்கும். 145 வாட்ஸ் சிப்பின் மேல் மூன்று ஃபேன் கூலர் இருப்பதை 'தேவையில்லாத ஆடம்பரம்' என்று வெளிநாட்டு ரிவ்யூக்காரர் சொல்லலாம். அவர் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு பேசுகிறார்! நமக்கு அந்தக் கூடுதல் இரண்டாயிரம், மூன்றாயிரம் ரூபாய் வீண் இல்லை. ஒற்றை ஃபேன் கார்டை, கேபினெட்டில் வேறு எதுவும் நுழையாது என்றால் மட்டும் வாங்குங்கள்.

சில கார்டுகளின் ஓரத்தில் ஒரு சின்ன ஸ்விட்ச் இருக்கும். ஒரு பக்கம் வேகம், மறுபக்கம் அமைதி. இருந்தால் அமைதிப் பக்கம் தள்ளிவிட்டு மறந்துவிடலாம். நீளத்தை மட்டும் வீட்டிலேயே ஸ்கேல் வைத்து அளந்துகொண்டு போங்கள். மூன்று ஃபேன் கார்டுகள் 30 சென்டிமீட்டர் வரை வரும்.

ஃபேன் சுற்றலை, ஆனாலும் 'கீச்'சுன்னு சத்தம் வருதே?

அது வேறு சங்கதி. கார்டில் உள்ள காயில்கள் மின்சாரம் வேகமாக ஏறி இறங்கும்போது அதிர்வதால் வரும் ஒலி. ஆபத்து இல்லை. ஆனால் வாரண்டியில் மாற்றிக் கொடுப்பார்களா என்றால், பொதுவாக இதைப் பழுதாகவே கணக்கில் எடுப்பதில்லை. ஒரே மாடலில் ஒரு கார்டில் இருக்கும், இன்னொன்றில் இருக்காது. கேமின் மெனு பக்கத்தில் நொடிக்கு முந்நூறு, நானூறு ஃப்ரேம் ஓடும்போதுதான் அதிகம் கேட்கும்.

உள்ளூர்க் கடையில் வாங்குவதன் லாபம் இங்கேதான் இருக்கிறது. சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டிலோ ஆன்லைனிலோ கொஞ்சம் விலை குறையலாம். ஆனால் திருச்சியிலேயே கம்ப்யூட்டரை அசெம்பிள் செய்யும் கடை என்றால், 'பத்து நிமிஷம் ஒரு கேம் ஓட்டிக் காட்டுங்கண்ணே' என்று கேட்கலாம். கடைத்தெரு இரைச்சலில் எல்லாம் தெரியாது. கேபினெட் பக்கத்தில் காதை வைத்தால் இந்தக் 'கீச்' தெரிந்துவிடும்.

காசில்லாமல் சத்தம் குறைக்க வழி இருக்கா?

இருக்கு. இந்தக் கட்டுரையில் எதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள்: ஃப்ரேம் லிமிட். உங்கள் மானிட்டர் 60 ஹெர்ட்ஸ் என்றால் நொடிக்கு 60 படங்களைத்தான் காட்ட முடியும். கார்டு 140 படம் வரைந்து தள்ளினாலும் மீதி வீண். வீணாகப் போவது படம் மட்டுமல்ல, மின்சாரமும்தான். என்விடியா செயலியிலும் ஏஎம்டி செயலியிலும் ஃப்ரேம் எண்ணிக்கைக்கு வரம்பு வைக்கும் வசதி உண்டு. 60 ஹெர்ட்ஸ் மானிட்டருக்கு 60, 144 ஹெர்ட்ஸ் மானிட்டருக்கு 140 என்று வைத்துப் பாருங்கள். லேசான கேம்களில் வாட்ஸ் பாதிக்கும் கீழே இறங்குவதைக் கண்ணால் பார்க்கலாம். 'கீச்' சத்தமும் பெரும்பாலும் அடங்கிவிடும்.

அடுத்தது பவர் லிமிட். எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் என்ற மென்பொருள் இலவசம், வேறு கம்பெனி கார்டுகளிலும் வேலை செய்யும். அதில் பவர் லிமிட்டை 100ல் இருந்து 80, 85க்கு இறக்கினால் கேம் வேகம் சில சதவீதம்தான் குறையும், சூடு அதைவிட நன்றாகவே குறையும். கடைசி சில ஃப்ரேம்களுக்காகத்தான் கார்டு அதிக மின்சாரம் குடிக்கிறது. சில மாடல்களில் அந்த அளவு இறக்க அனுமதி இருக்காது. இறங்கும் வரை இறக்குங்கள்.

இன்னொரு விஷயம், நம் வீடுகளுக்கே உரியது. கம்ப்யூட்டர் டேபிளில் கேபினெட் வைக்க ஒரு மூடிய அறை இருக்குமே, கதவோடு? அதற்குள் வைத்தால் எந்தக் கார்டும் கத்தும். வெளியே எடுத்து, சுவரில் இருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள். முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி போட்ட கேபினெட் ஷோரூமில் அழகு. காற்று நுழைய வலை போட்ட கேபினெட்தான் வீட்டுக்கு நல்லது. நால்ரோடு மாதிரி மெயின் ரோட்டை ஒட்டிய வீடு என்றால் தூசி வேறு. மூன்று மாதத்துக்கு ஒருமுறை ப்ளோயர் அடியுங்கள். அடிக்கும்போது கார்டு ஃபேனை விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் தாறுமாறாகச் சுற்றி பேரிங் போய்விடும்.

செகண்ட் ஹேண்ட் வாங்கலாமா?

2022 செப்டம்பர் வரை கிராபிக்ஸ் கார்டுகளை வைத்து எத்தீரியம் என்ற கிரிப்டோ கரன்சியை 'மைனிங்' செய்து வந்தார்கள். அந்த மாதம் எத்தீரியம் தன் முறையை மாற்றியதும், இரவு பகலாக ஓடிய கார்டுகள் பழைய மார்க்கெட்டுக்கு வந்தன. ஆர்டிஎக்ஸ் 3060 காலத்துக் கார்டுகளில் இப்படி ஓடியவை உண்டு. சிப் நன்றாகவே இருக்கலாம், ஃபேன் பேரிங் தேய்ந்திருக்கும். கார்டை ஓடவிட்டு, ஃபேன் வேகத்தை மென்பொருளில் 30, 60, 100 சதவீதம் என்று ஏற்றிக் கேளுங்கள். காற்றுச் சத்தம் என்றால் பரவாயில்லை. 'டர்ர்' என்று உரசும் சத்தம் வந்தால் ஃபேன் மாற்றும் செலவை விலையில் கழித்துப் பேசுங்கள். பில் இல்லை, வாரண்டி இல்லை என்றால் இன்னும் கழியுங்கள்.