குளியலறைச் சுவரும் ஒட்டாத ஓடும்

ஈராண்டுகளுக்கு முன் ஒருநாள் அதிகாலையிலே எமது வீட்டுக் குளியலறையிலிருந்து பெருஞ்சத்தமொன்று கேட்டது. ஓடிச்சென்று பார்த்தோம். சுவரின் மேல்வரிசையிற் பதித்திருந்த பீங்கான் ஓடொன்று கழன்று வீழ்ந்து, துண்டு துண்டாகச் சிதறிக் கிடந்தது. முதல்நாள் மாலை பாட்டியார் பேரக்குழந்தையை இருத்தி முழுகவார்த்த இடம் அதுவே. 2 அடி நீளமும் 1 அடி அகலமும் உள்ள அந்த ஓடு ஏறக்குறைய 4 கிலோ நிறையுடையது. எண்ணிப் பார்க்கவே எமது நெஞ்சு நடுங்கிற்று.

அச்சந் தெளிந்தபின் சுவரை உற்று நோக்கினோம். நாலு மூலையிலும் நடுவிலுமாகச் சீமெந்துச் சாந்தின் ஐந்து உருண்டைகள் சுவரிலே உறுதியாக நின்றன. வீழ்ந்த துண்டுகளின் முதுகோ துடைத்துவைத்த பீங்கான்போற் சுத்தமாக இருந்தது. அன்று வேலைசெய்த மேசன், “ஐயா, ஐஞ்சு இடத்திலை சாந்தை வைச்சு அமத்தினால் போதும்” என்று சொன்னது நினைவுக்கு வந்தது. ஓட்டின் நிறத்தையும் பூவையும் தெரிய நாம் ஒரு மாதம் கடைகடையாக ஏறியிறங்கினோம். அதன் முதுகிலே எதைப் பூசுவது என்பதைப் பற்றி ஒரு நிமிடமும் சிந்தித்தோமல்லோம்.

பிழை மேசனுடையது மாத்திரமன்று. ஓடு மாறிவிட்டது, பழக்கம் மாறவில்லை. முன்னாளிற் சுவருக்குப் பதித்த சிறிய வெள்ளை ஓடுகள் நீரைக் குடிப்பவை. தம் நிறையில் 10 சதவீதத்துக்கும் அதிகமான நீரை உறிஞ்சவல்லவை. ஆகையினால் அவற்றை வாளியில் ஊறவைத்துப் பின் பதித்தனர். ஊறவைக்காவிடின், சீமெந்துக்கு வேண்டிய நீரை ஓடே உறிஞ்சிவிடும். சீமெந்து உலர்ந்து இறுகும் பொருளன்று; நீருடன் தாக்கமுற்று இறுகும் பொருள். மாணவர்கள் இதனை நீரேற்றம் எனப் படிப்பர். அவ்வேளை உண்டாகும் நுண்பளிங்குகள் ஓட்டின் நுண்டுளைகளுக்குள்ளே வளர்ந்து வேர்போற் பற்றிக்கொள்ளும்.

இக்காலத்தில் விரும்பி வாங்கப்படும் ‘போர்சலின்’ ஓடுகளோ 0.5 சதவீதத்துக்கு மேல் நீரை உறிஞ்சா. வேர்விட இடமில்லாத பாறையிலே மரம் நிற்குமா? வெறுஞ் சீமெந்து அந்த முதுகிலே பிடிப்பின்றி நிற்பதும் அவ்வாறே.

கையிலுள்ள ஓடு எவ்வகையினது என்பதை அறிய எளிய சோதனையொன்று உண்டு. ஓட்டைக் கவிழ்த்து, முதுகைத் துடைத்து, ஒரு துளி நீர் விடுக. துளி விரைவில் மறைந்தால் அது நீர் குடிக்கும் ஓடு. முத்துப்போல் அப்படியே நின்றால், அதற்குச் சாதாரண சாந்து உதவாது.

அப்படியாயின் எது உதவும்? கடைகளிலே மூட்டையாக விற்கப்படும் ஒட்டுச்சாந்துத் தூள் சீமெந்து, நுண்மணல், பல்பகுதியம் ஆகியவற்றின் கலவையாகும். இப்பல்பகுதியமே துளையற்ற முதுகையும் பற்றிக்கொள்வது. சர்வதேச நியமத்தைப் பின்பற்றும் மூட்டைகளிலே சில எழுத்துக்கள் பொறிக்கப்பட்டிருக்கும். ‘சீ 1’ என்பது சாதாரண வகை. 1 சதுர சென்ரிமீற்றர் ஒட்டைப் பிடுங்க ஏறத்தாழ 5 கிலோ நிறைக்குச் சமமான இழுவையேனும் வேண்டும். ‘சீ 2’ என்பதற்கு அதன் இருமடங்கு வேண்டும். நீர் குடிக்கும் சிறிய ஓட்டுக்கு முதல்வகை போதும். போர்சலினுக்கும் பெரிய ஓட்டுக்கும் இரண்டாம் வகையே தக்கது. எழுத்துடன் ‘ரீ’ சேர்ந்திருந்தால், சுவரிலே ஓடு வழுகி இறங்காது என்பது பொருள். ‘ஈ’ சேர்ந்திருந்தால், பூசிய சாந்து கூடிய நேரம் ஒட்டுந்தன்மையுடன் இருக்கும். எமது நாட்டு வெயிலுக்கும் காற்றுக்கும் இஃது உதவியானது.

இங்கே கணக்கிலே வல்ல மாணவர் ஒருவர் குறுக்கிடக்கூடும். 1 சதுர சென்ரிமீற்றரே 5 கிலோ இழுவையைத் தாங்குமாயின், 4 கிலோ ஓட்டுக்கு ஐந்து உருண்டைகள் தாராளமல்லவா என்பார். நல்ல கேள்வி. ஆயின் ஓட்டின் பகை அதன் நிறை மாத்திரமன்று. வெந்நீரிலே ஓடு விரிகின்றது, குளிரச் சுருங்குகின்றது. சுவரும் ஈரத்தால் அசைகின்றது. நாள்தோறும் நிகழும் இந்த இழுபறி முழுவதும் ஐந்து உருண்டைகளின் தலையிலே விழுகின்றது. அவற்றிடையேயுள்ள வெற்றிடத்திலோ நீர் புகுந்து தேங்குகின்றது. ஆகவே, நல்ல சாந்தை வாங்குவது பாதிக் காரியமே. அது ஓட்டின் முதுகெங்கும் பரவுதல் வேண்டும். உலர்ந்த அறையில் 80 சதவீதமும், நீர் புழங்கும் அறையில் 95 சதவீதமும் முதுகு சாந்தைத் தொடவேண்டும் என்பது தொழில் விதி.

இதற்கென அமைந்ததே பல்வெட்டிய தட்டைக் கரண்டி. அதன் ஒரு விளிம்பு நேரானது. மறு விளிம்பு சீப்புப் போன்றது. முதலில் நேர் விளிம்பினாற் சாந்தைச் சுவரிலே அழுத்தித் தேய்த்தல் வேண்டும். பின் பல் விளிம்பினால் ஒரே திசையில் நேர்கோடாக வாரவேண்டும். வட்டமாக வாரினால் காற்று உள்ளே சிறைப்படும். நேர்கோடாயின் அது வரப்புகளுக்கு இடையே வெளியேறும். ஓட்டை வைத்து, வரப்புகளுக்குக் குறுக்காகச் சற்றே அசைத்து அழுத்தினால் வரப்புகள் சரிந்து ஒன்றாகும்.

பல்லின் அளவே சாந்தின் அளவு. 6 மில்லிமீற்றர்ச் சதுரப் பல்லால் வாரிய சாந்து அழுத்தியபின் ஏறத்தாழ 3 மில்லிமீற்றர்த் தடிப்பாகும். சிறிய ஓட்டுக்கு இது போதும். எமது வீட்டு ஓட்டைப் போன்ற 2 அடி ஓட்டுக்கு 10 மில்லிமீற்றர்ப் பல் வேண்டும். ஓட்டின் முதுகிலும் மெல்லியதாக ஒரு பூச்சுப் பூசுதல் நன்று. தேய்ந்த பல்லுள்ள கரண்டி பொய்யளவு காட்டும் படிபோன்றது.

இன்னுஞ் சில காரியங்கள் உள. கோணற் சுவரைச் சாந்தினால் நிமிர்த்த முயலாது, முதலிற் பூச்சை மட்டப்படுத்துக. ஓட்டின் முதுகிலுள்ள வெண்டூளைத் துடைத்துவிடுக. மூட்டையிற் குறித்த அளவு நீரையே சேர்க்க. இறுகத் தொடங்கிய சாந்துக்கு மேலும் நீர் விட்டு இளக்குதல் ஆகாது. சிறிது சிறிதாகவே சுவரிற் பூசுக. வாரிய சாந்தைத் தொட்டால் விரலில் ஒட்டவேண்டும். ஒட்டாவிடின் சுரண்டிவிட்டுப் புதிதாய்ப் பூசுக. ஓடுகளை நெருக்கிவிடாது 2 அல்லது 3 மில்லிமீற்றர் இடைவெளி விடுக. சீமெந்து தோலைப் புண்ணாக்குமாதலாற் கையுறை அணிக.

எமது குளியலறையைப் பின்னர் முற்றாக உடைத்தே புதுக்கினோம். முதற் செலவைப்போல் இருமடங்காயிற்று. ஆயினும் ஒரு பாடங் கற்றோம். புதிதாக வந்த மேசன் முதல் ஓட்டைப் பதித்தவுடனே, நாம் கேளாமலே, அதைக் கழற்றி முதுகைக் காட்டினார். முதுகெங்கும் சாந்து நிறைந்திருந்தது. “இனி நீங்கள் போய் வேலையைப் பாருங்கோ” என்றார்.

வீடு கட்டுவோர் கேட்கவேண்டியது அந்த ஒன்றையே. பதித்த முதல் ஓட்டைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். முன்னரே பதித்த சுவராயின், விரல் மொழியினாலே தட்டிப் பாருங்கள். வெறும்பானையைத் தட்டினாற்போல் ஒலிக்கும் ஓட்டின் கீழே குழந்தையை முழுகவாராதீர்கள்.